படகுக்குப் பெயர் மாட்டுவது
(கோலார் தங்கவயலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படகுக்குப் பெயர்ப்பலகை செய்து மாட்டுவது எப்படி என்று இன்று பேசப்போகிறேன். கடலே இல்லாத ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு வரும் ரயில் பாதை 1894இல் போட்டது. அந்தப் பாதையில் கோரமண்டல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. வங்கக் கடற்கரையின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் அது. சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குழாயில் வந்த தண்ணீர் பேத்தமங்கலா ஏரித் தண்ணீர். அந்த ஏரியை நிரப்பும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் கடலில் சேருகிறது. ரயில் நிலையப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நம் ஊர் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3,200 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. கழித்துப் பாருங்கள். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நின்று பாறை உடைத்தவர்கள்.

ஆனால் இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடியது. அதற்குப் பிறகு இந்த ஊரின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டும் விழுந்துகொண்டும் இருக்கின்றன. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டுக்கு ஷாஃப்ட் பலகை இருந்தது, தொழிலாளர் குடியிருப்புகளில் லைனுக்கு லைன் பலகை இருந்தது. இப்போது துருவேறிய தகட்டில் பாதி எழுத்து, உளுத்த மரத்தில் கால் எழுத்து. அவற்றைத் திரும்பச் செய்து மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால், பலகைத் தொழிலின் கடுமையான பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். உப்புக்காற்று, நாள் முழுக்க வெயில், மோதுகிற அலை, ஓயாத குலுக்கல், இத்தனையும் தாங்க வேண்டியது படகுப் பலகை. அதைச் செய்யக் கற்றவருக்கு நிலத்துப் பலகை எளிது.

முதலில் மரம். தேக்குக்கு மிஞ்சியது இல்லை. தேக்கிலேயே ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. நனைந்து காய்ந்தாலும் எளிதில் மக்காது, செல் அரிக்காது. ஆனால் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் இந்தக் குணமெல்லாம். ஓரத்து வெளிறிய மரத்தைத் தேக்கு என்று தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். அறுப்பிலும் கவனம் வேண்டும். பலகையின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அந்தப் பலகை வளையாது. கோடுகள் படுத்துக் கிடந்தால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போதும், பலகை ஓடுபோலக் குழிந்துவிடும். கனம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உளி இறங்க இடம் வேண்டுமே.

அடுத்து எழுத்து. இங்கேதான் நம் மொழிக்கென்று தனிப் பாடம் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். அன்னபூரணி என்று எழுதிப் பாருங்கள். ன் மேல் புள்ளி ஏறுகிறது. பூ கீழே இறங்கிச் சுழிக்கிறது. ணி மேலே வளைந்து வருகிறது. நான்கு அங்குல எழுத்து என்று முடிவு செய்துவிட்டு ஆறு அங்குலப் பலகை அறுத்தால், புள்ளி ஒரு விளிம்பை முட்டும், பூவின் கால் மறு விளிம்பை முட்டும். எட்டு அங்குலமாவது வேண்டும். அதனால்தான் பெயரை முதலில் தாளில் முழு அளவில் எழுத வேண்டும் என்கிறேன். எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, படகு எவ்வளவு தூரத்தில் நிற்குமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போய்ப் பாருங்கள். ஒரு அங்குல எழுத்து பத்தடி தூரத்துக்குத் தெளிவாகத் தெரியும் என்பது பலகைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அது ஆங்கில எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழுக்கும் கன்னடத்துக்கும் சுழிகள் அதிகம், கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியை அடிக்கோல் வைத்து ஒரே அளவாகப் போடாதீர்கள். ர ஒல்லியானது, ணி அகலமானது. இரண்டுக்கும் நடுவே விடும் இடத்தைக் கண்தான் சொல்ல வேண்டும்.

இப்போது செதுக்குவது. எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் பள்ளமாக, இரண்டு சரிவுகள் அடியில் ஒரு கோட்டில் சேரும்படி வெட்ட வேண்டும். ஏன் பள்ளம்? மேலே பூசிய எழுத்து உதிர்ந்தால் பெயரே போய்விடும். பள்ளத்தில் இருக்கும் எழுத்து, பூச்சு போனாலும் நிழலில் தெரியும். விரலால் தடவியும் படிக்கலாம்.

மூன்று சுழி ண வரும் இடத்தில் கொஞ்சம் நிற்போம். மரத்துக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு. நாரோடு போனால் உளி வெண்ணெயாக வழுக்கும், எதிர்த்துப் போனால் மரம் பிளக்கும். ஒரு சுழியைச் சுற்றி வரும்போது உளி ஓரிடத்தில் நாரோடு போகிறது, கொஞ்சம் திரும்பியதும் குறுக்கே போகிறது, இன்னும் திரும்பினால் எதிரே போகிறது. ஆகவே ஒரு சுழிக்கு நான்கு இடங்களில் உளியைத் தூக்கித் திசை மாற்ற வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கையாலும் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி மூன்று சுழி. அதோடு ஒவ்வொரு சுழிக்கும் நடுவே தீவு மாதிரி ஒரு துண்டு மரம் மிஞ்சி நிற்கிறது. நார் மிகக் குட்டையாக இருக்கும் துண்டு அது. கொட்டாப்புளியை ஒரு தட்டு அதிகமாகத் தட்டினால் அது பெயர்ந்து பறந்துவிடும். பிறகு பசை வைத்து ஒட்டலாம். ஆனால் முதல் பருவ மழையில் அது மறுபடி போகும். சுழியைச் செதுக்கும்போது கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிடுங்கள். உள்ளங்கை அழுத்தம் போதும். புள்ளியைக் கூம்பாகக் குடையுங்கள். நேர்க்குழியாகக் குடைந்தால் அதில் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கும் இடத்தில்தான் மரம் கெட ஆரம்பிக்கும்.

செதுக்கி முடித்து, உப்புத்தாள் போட்டு, பள்ளத்துக்கு மட்டும் பிரைமரும் மஞ்சள் எனாமலும் அடித்துக் காயவைத்த பிறகு, நம் ஊரின் பொருள் வருகிறது. தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு.

பொன்னெழுத்து என்று விற்கும் டப்பாப் பெயிண்டில் தங்கம் கிடையாது. பித்தளைத் தூள்தான் அது. கடற்காற்று பட்டதும் பழுப்பாகும், பிறகு கறுக்கும். உண்மைத் தங்கம் கறுக்காது, பச்சை பூக்காது. ஆளிவிதை எண்ணெயில் செய்த பசையை மெல்லியதாகப் பள்ளத்தில் தடவ வேண்டும். உடனே ரேக்கை வைக்கக் கூடாது. பசை ஈரமாக இருக்கும்போது வைத்தால் தங்கம் அதில் முழுகி மங்கிவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறது. விரல் முட்டியால் தொட்டால் பசை விரலில் வராது, ஆனால் மெல்லப் பிடித்து இழுக்கும். அதுதான் ரேக்கு வைக்கும் நேரம். மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். மூச்சு பட்டாலே ரேக்கு சுருண்டு போய்விடும். வெளியில் வேலை என்றால் மெல்லிய தாளில் அழுத்தி ஒட்டிய ரேக்கு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மேலே வார்னிஷ் பூசும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வார்னிஷ்தான் முதலில் மஞ்சளித்து உரியும், உரியும்போது தங்கத்தையும் கூட்டிக்கொண்டு போகும். தங்கத்துக்குக் காவல் தேவையில்லை.

எவ்வளவு தங்கம் ஆகும்? ஒரு ரேக்கு ஏட்டில் 25 தாள். ஒவ்வொரு தாளும் 80 மில்லிமீட்டர் சதுரம். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் ஒரு ஏட்டில் இருக்கும் தங்கம் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆறெழுத்துப் பெயரை, முன்பக்கம் இரண்டு பலகை, பின்பக்கம் ஒரு பலகை என்று நான்கு அங்குல உயரத்தில் செதுக்கி ரேக்கு ஒட்ட, சேதாரம் சேர்த்து ஒன்றரை ஏடு போதும். அரை கிராம்.

அந்த அரை கிராமை நம் கணக்கில் சொல்கிறேன். மூடும் காலத்தில் இந்தச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையிலிருந்து கிடைத்தது சுமார் 3 கிராம். அப்படியானால் ஒரு படகின் பெயருக்கு வேண்டிய தங்கத்துக்காக 160 கிலோவுக்கு மேல் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே தூக்கி, மாவாக அரைத்து, சயனைடில் கரைக்க வேண்டும். அரைத்த மாவு எங்கே என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஊரைச் சுற்றி 13 மேடுகளாக, 3 கோடி டன்னுக்கும் மேலாக நிற்கிறது. ஆடிக் காற்றில் நம் சோற்றுத் தட்டில் விழுகிறது. 120 ஆண்டுகளில் இங்கிருந்து போன தங்கம் 800 டன்னுக்கும் அதிகம். அதில் ஒரு துளி எந்தக் கப்பலின் நெற்றியில் ஒட்டியிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ரேக்கு ஒட்டும்போதெல்லாம் எனக்கு அந்த 160 கிலோ பாறை கையில் கனக்கிறது. தேவைக்கு மேல் ஒரு தாளைக் கிழிக்க மனசு வராது.

பெயர் எழுதுவதற்குச் சட்டமும் உண்டு. பிரிட்டிஷ் பேரரசின் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், கப்பலின் முன்பக்கம் இருபுறமும் பெயரும், பின்பக்கத்தில் பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயரும் இருக்க வேண்டும் என்றது. கறுத்த அடித்தளத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து, வெளிறிய அடித்தளத்தில் கறுப்பு எழுத்து, உயரம் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அளவு வரை எழுதிவைத்தார்கள். இன்று தமிழ்நாட்டு மீன்பிடிப் படகுகளில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் பதிவு எண் பெரிதாக இருக்கும். நடுக்கடலில் பிடிபடும் படகைச் செய்தித்தாள்கள் அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் சொல்கின்றன. எண் அரசாங்கத்துக்கு. படகுக்காரர் வைக்கும் பெயர் தனி. அம்மன் பெயர், மாதா பெயர், மகள் பெயர். எழுத்துக்கு முன்னால் கண் இருந்தது. நம் கடற்கரையிலும் இலங்கையிலும் தோணிகளின் முகப்பில் கண் தீட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

எழுதிவைத்த பெயர் நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை தேட மூன்று கப்பல் கதைகளைப் பார்ப்போம்.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். வேப்ப மரத்தில் கட்டியது, நீளம் 89 அடி. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற பெயரோடு, வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதை சூயஸ் வழியாக அட்லாண்டிக் கடந்து ஓட்டிப் போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பெயர் போனது போனதுதான். ஆனால் இன்றைக்கும் வல்வெட்டித்துறையில் அந்தப் பயணத்தை யார் பெயரால் சொல்கிறார்கள்? அன்னபூரணி என்றுதான். பலகையில் இல்லாத பெயரை ஊர் வாயில் வைத்துக் காத்தது.

தூத்துக்குடி வேறு கதை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மறு ஆண்டு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வாங்கி வந்தார்கள். வெள்ளையன் கம்பெனிக்கு எதிராக, நம் பணத்தில் வாங்கிய கப்பல்கள். பெயரோ அந்நியப் பெயராகவே இருந்தது. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு அது சுதேசிக் கப்பல். 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், 1911இல் சங்கம் கலைந்தது. கப்பல்கள் கைமாறிப் போயின.

மூன்றாவது கதையைத்தான் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓக் மரம் தட்டுப்பாடு. பம்பாயில் தேக்கில் கப்பல் கட்டச் சொன்னார்கள். வரைபடத்தை ஜாவா என்ற போர்க்கப்பலில் அனுப்பினார்கள். 1812இல் அந்தக் கப்பலே போரில் அழிந்தது. மறுபடி வரைபடம் அனுப்பி, வாடியா குடும்பத்துத் தச்சர்கள் கட்டி, 1817 அக்டோபர் 12ஆம் தேதி கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். வைத்த பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் உச்சரிப்பில் ட்ரிங்கோமலி. பல ஆண்டு ஓடிய பிறகு, 1897இல் வீட்லி காப் என்பவர் அதை வாங்கினார். அவரிடம் ஃபூட்ராயன்ட் என்று வேறொரு பழைய கப்பல் இருந்தது. அந்த ஆண்டுதான் அது புயலில் பிளாக்பூல் கரையில் மோதி உடைந்தது. போன கப்பலின் பெயரை இந்தக் கப்பலுக்கு வைத்துவிட்டார். திருகோணமலை போய் ஃபூட்ராயன்ட் வந்தது. இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கப்பலாகத் தலைமுறைக் கணக்கில் அந்தப் பெயரோடு மிதந்தது. அதில் படித்தவர்கள் யாருக்கும் பழைய பெயர் தெரியாமல் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

பிறகு வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1992இல் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். இன்றும் திருகோணமலை என்ற பெயரோடு அங்கே மிதக்கிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு பெயர் தன் இடத்துக்கு வந்திருக்கிறது. எப்படி முடிந்தது? ஏட்டில் இருந்தது. முதலில் என்ன பெயர், பிறகு என்ன பெயர் என்று எழுதிவைத்திருந்தார்கள். மரமும் கெடாமல் இருந்தது, நம் நாட்டுத் தேக்கு. பொறுப்பெடுத்துச் செய்யவும் ஆட்கள் இருந்தார்கள். ஏடு, மரம், ஆள். தங்கவயலில் இந்த மூன்றும் இன்றைக்கு இருக்கின்றன. இன்னும் இருபது ஆண்டு கழித்து மூன்றாவது இருக்குமா என்பதுதான் என் கவலை. எந்த ஷாஃப்ட்டில் எந்த மட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

சரி, மாட்டுவதற்கு வருவோம். நல்ல பலகையைக் கெட்ட முறையில் மாட்டிக் கெடுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். எட்டு அங்குலப் பலகையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதை அசையவிடாமல் நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால், மரம் தன்னைத்தானே பிளந்துகொள்ளும். நடுக்கோட்டில் இறுக்கமாக ஸ்க்ரூ போடுங்கள். மேலும் கீழும் வரும் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக, நீள்வட்டமாகத் துளைத்து வாஷர் வைத்து மாட்டுங்கள். இரும்பு ஆணி கூடவே கூடாது. தேக்கில் இருக்கும் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை ஒழுகும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. படகுக்கு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது வெண்கல ஸ்க்ரூ. படகின் உடம்பில் துளைக்கும் ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் உள்ளே போகும் வழி. அதை சீலன்ட் வைத்து அடைத்த பிறகே ஸ்க்ரூவை இறக்க வேண்டும்.

பலகையைப் படகின் உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள். நடுவே அரை விரல் இடம் விட்டு, சிறு கட்டைகள் கொடுத்து நிறுத்துங்கள். தண்ணீர் பின்னால் வடிந்து போக வேண்டும், காற்று ஓட வேண்டும். முன்பக்கம் வளைந்து போகும் இடத்தில், பலகையை வலுக்கட்டாயமாக வளைத்து இறுக்கினால் நடுவில் வெடிக்கும். அட்டையை வைத்து வளைவைக் கீறி எடுத்து, அதே வளைவில் அந்தச் சிறு கட்டைகளைச் சீவிக்கொள்ளுங்கள். பலகை நேராகவே நிற்கும்.

நேர் பார்ப்பது இன்னொரு கலை. நிலத்தில் ரசமட்டம் வைத்துப் பார்ப்போம். படகு தண்ணீரில் ஆடுகிறது, ரசமட்டம் அங்கே உதவாது. கரையேற்றிய படகும் ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும். மேல்விளிம்பு ஓடும் கோட்டைப் பார்த்துப் பலகையை அதற்கு இணையாக வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் தள்ளிப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது தங்கவயலுக்கும் பொருந்தும். சுரங்கத்தில் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்ட் அதிர்ச்சியில் எத்தனை லைன் வீடுகளின் சுவர்கள் விரிசல் கண்டு சாய்ந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுவரில் ரசமட்டம் காட்டும் நேர், பார்ப்பவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். கூரை விளிம்பை, கதவு நிலையைப் பாருங்கள். அதற்கு இணையாக மாட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பலகை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். சிமெண்ட்டில் புதைத்தால் நிரந்தரம் என்று நினைக்கிறார்கள். புதைத்த பலகையைப் பழுதுபார்க்க முடியாது. பழுதுபார்க்க முடியாதது அழிந்துதான் தீரும். படகுக்காரர் படகைக் கரையேற்றும்போது பலகையைக் கழற்றி, கழுவி, எண்ணெய் பூசித் திரும்ப மாட்டுவார். சுவருக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு கட்டையை நாற்பத்தைந்து பாகையில் நீளவாக்கில் அறுத்து இரண்டாக்குங்கள். ஒரு பாதி சுவரில், சரிவு மேல்நோக்கி, சுவர்ப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி. மறு பாதி பலகையின் முதுகில் கவிழ்த்து. பலகையைத் தூக்கி மாட்டினால் தானாக இறுகி உட்காரும், தூக்கினால் வரும். கீழே ஒரே ஒரு ஸ்க்ரூ, காற்றுக்கும் திருட்டுக்கும். சுவர் அதிர்ந்தாலும் பலகை வெடிக்காது. படகில் மட்டும் இந்த முறை ஆகாது, அலை தூக்கிவிடும்.

இனி நம் ஊரில் என்ன செய்யலாம்?

கிஃபர்ட் ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட், ஹென்றி ஷாஃப்ட், ஆஸ்போர்ன் ஷாஃப்ட். வெள்ளைக்காரப் பெயர்கள்தான் நம் ஷாஃப்ட்டுகளுக்கு. இறங்கியவன் பெயர் எதிலும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் கொடுத்த படகுகளிலும் கொடுத்தவர் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நம் ஷாஃப்ட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. அதற்காகப் பழைய பெயர்களை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிஃபர்ட் ஷாஃப்ட் என்று சொல்லும்போது இங்கே இருக்கும் பெரியவர்கள் மனதில் வருவது எந்த கிஃபர்டும் இல்லை, தங்கள் ஷிஃப்ட்டும் கூட இறங்கிய தோழர்களும்தான். பெயர் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே இரண்டாவது பலகை ஒன்று வேண்டும். எந்த ஆண்டு தோண்டியது, எத்தனை மட்டம், எவ்வளவு ஆழம், அங்கே என்னென்ன வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். குடும்பத்தார் விரும்பினால் அங்கே உயிர்விட்டவர்களின் பெயர்களும்.

ஷாஃப்ட்டுகளின் அருகே போகாதீர்கள். வாய் மூடாத குழிகளும் உள்வாங்கிய தரையும் அங்கே இருக்கின்றன. நிலம் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துடையது, அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எழுதுவது ஒரு பக்கம் நடக்கட்டும். லைன் பலகைகளை இன்றே தொடங்கலாம். அவரவர் வீட்டுச் சுவருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 2024இல் திருத்திய சட்டப்படி கடைகள், நிறுவனங்களின் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். லைன் பலகைக்கு அது பொருந்துமா பொருந்தாதா என்ற வாதத்தில் நேரம் போக்க வேண்டாம். அதே முறையில் செய்வோம். 60 சென்டிமீட்டர் உயரப் பலகையில் மேலே 36 சென்டிமீட்டர் கன்னடத்துக்கு. மீதி 24இல் தமிழும் ஆங்கிலமும். தமிழுக்கு 14 கொடுங்கள், சுழியும் புள்ளியும் மூச்சுவிட இடம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் பத்து தாராளம். கன்னட எழுத்தும் உருண்டை எழுத்துதான். ண செதுக்கப் பழகிய கைக்கு அது சிரமம் தராது. கன்னடத்தைக் கன்னடம் படித்தவரிடம் காட்டித் திருத்திய பிறகே உளியைத் தொடுங்கள். மூன்று மொழியிலும் எழுத்துப்பிழை இல்லாத பலகை நம் ஊரில் ஒன்றாவது இருக்கட்டும்.

60 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே தேக்குப் பலகை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. நான்கு துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டியிருக்கும். புதுத் தேக்குக்குப் பணம் இல்லையென்றால், இடிக்கும் பழைய வீடுகளின் நிலைகளும் உத்தரங்களும் கிடைக்கும். பல ஆண்டு காய்ந்த மரம், இனி வளையாது. ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு இழையுங்கள், இல்லையென்றால் இழைப்புளியின் வாய் போய்விடும். தங்க ரேக்கு எல்லாப் பலகைக்கும் வேண்டாம். எனாமல் போதும். சயனைடு மேட்டுத் தூள் அடிக்கும் பக்கத்துப் பலகைகளுக்கு இரண்டு கோட் கூடுதலாகக் கொடுங்கள், அந்தத் தூள் உப்புத்தாள் மாதிரி பூச்சைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் செய்தவர் பெயரையும் ஆண்டையும் செதுக்குங்கள். எந்த வீட்டார் அதைக் கழற்றி எண்ணெய் பூசும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது செய்தால் போதும்.

தாளும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன். உளி பிடிக்க விரும்பும் தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் இந்த மேசைக்கு வாருங்கள். முதலில் உங்கள் லைனின் பெயரை முழு அளவில் எழுதிப் பார்ப்போம். பெரியவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். ஷாஃப்ட்டுகளின் பெயர், மட்டம், ஆண்டு ஆகியவற்றை உங்கள் நினைவிலிருந்து சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் மாறினால் இரண்டையும் எழுதுவோம், சரிபார்த்த பிறகே மரத்தில் ஏறும்.